ரோட்டவேட்டரின் வழுக்குக் கிளட்சும் அதைச் சரிப்படுத்தும் முறையும்

டிராக்டருடன் பூட்டி ஓட்டும் ரோட்டவேட்டர் என்னும் சுழற்கலப்பை, நஞ்சை புஞ்சை இரண்டிலும் உபயோகப்பட்டு வருகிறது. ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்னும் ஊரில் ஹோவார்ட் என்பவர் 1912-ஆம் வருஷம் இத்தகைய கலப்பையைப் பற்றிப் பரீட்சைகள் தொடங்கி, 1920-ல் பேடண்டு உரிமை பெற்றார். இதன் கத்திகள் மண்ணில் மறைந்து கிடக்கும் கல்லிலோ மரவேரிலோ மோதுங்கால், அவ்வதிர்ச்சி கலப்பையின் பல்சக்கரங்களையும், தண்டின் வழியே டிராக்டரையும் தாக்கும். இதைத் தடுப்பதற்காகவே, டிராக்டரின் சக்தியைக் கலப்பைக்குக் கொண்டு செல்லும் பி.டி.ஓ. தண்டில், பல யந்திரங்களில் வழுக்குக் கிளட்ச் அமைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் இதற்குப் பதிலாக ஷியர் போல்ட் இருக்கும். அது மோதலில் அறுந்துபோகும். புதிது போட்ட பின்பே வேலை நடக்கும். கிளட்சோ வழுக்கிக் கொடுத்து, தடை நீங்கியதும் தானே மறுபடி பிடித்துக்கொள்ளும்.

ஒருவர் தம் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு தட்டை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் அதைத் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். அழுத்தத்துக்குத் தக்க அளவு வரையில் தட்டு அசையாது. பலம் அதை மீறினால் வழுக்கும். கிளட்சின் தத்துவமும் இதுவே. இரும்புத் தட்டுகளுக்கு இடையே உராய்வுத் தகடுகள் வைக்கப்பட்டு, யாவும் ஸ்பிரிங்குகளால் நெருக்கப்பட்டிருக்கின்றன. நட்டுகளை இறுக்கினால் ஸ்பிரிங் குறுகும், அழுத்தம் மிகும், கிளட்ச் தாங்கும் முறுக்கும் உயரும்.

பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுழன்று 40 குதிரைச் சக்தியைக் கொண்டு செல்லும்போது அதிலுள்ள முறுக்கு, ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் சுமார் 54 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமானம். கிளட்ச் இதைவிடச் சற்று அதிகமாகத் தாங்க வேண்டும். ஆனால் பல்சக்கரம் முறியும் அளவுக்குக் கீழேயே வழுக்கிவிடவும் வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறுகின்றனர். கிளட்ச் அடிக்கடி வழுக்கினால் உடனே நட்டுகளை இறுக்கிவிடுகின்றனர். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும்வரை இறுக்கிய கிளட்ச், கிளட்சே இல்லாததற்கு ஒப்பாகும். அடுத்த கல்லில் உடைவது பல்சக்கரமோ தண்டோதான். பருவத்தின் நடுவில் உழவும் நின்றுபோகும். ஆகையால் முதலில் காரணத்தை ஆராய்தல் வேண்டும். கத்திகள் மிக ஆழமாக இறங்கியிருக்கலாம். நிலம் காய்ந்து இறுகியிருக்கலாம். தகடுகளில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது அவை தேய்ந்திருக்கலாம். கருகல் நாற்றமோ புகையோ கண்டால் உடனே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது ஆபத்து துரு. பல மாதம் சும்மா கிடந்த யந்திரத்தில் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனவே பருவந்தோறும் உழவுக்கு முன் பின்வருமாறு சோதிப்பது நலம்.

ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்க. பின்பு நட்டுகளை ஒரே அளவாகத் தளர்த்தி, தட்டுகள், தகடுகள் எல்லாவற்றின் விளிம்பிலும் குறுக்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடிடுக. கலப்பையைத் தரையில் இறக்கி, பிரேக்கைப் பூட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, எவரும் அருகில் இல்லையென்று கண்டபின், எஞ்சினை மெதுவாக ஓட்டி, பி.டி.ஓ.வை இரண்டு மூன்று விநாடி மாத்திரம் இணைக்கலாம். பிறகு எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, தண்டு முற்றிலும் நின்றபின் கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு எல்லா இடத்திலும் விலகியிருந்தால் கிளட்ச் நன்றாயிருக்கிறது. எங்கேனும் விலகாதிருந்தால் அவ்விடத்தில் ஒட்டியிருக்கிறதென்று அறிந்து, கழற்றித் துருவைப் போக்குதல் வேண்டும். முடிவில் நட்டுகளைச் சமமாக இறுக்கி, யந்திரத்துடன் வந்த கைப்புத்தகத்தில் கண்ட ஸ்பிரிங் நீளத்துக்குக் கொண்டுவருக. முன்பு எழுதிய அளவு அதனின்று வேறுபட்டிருந்தால், எவரோ தவறாக இறுக்கியோ தளர்த்தியோ இருக்கின்றனர் என்று அறியலாம்.

540 சுற்று என்பது விநாடிக்கு ஒன்பது சுற்று. வேஷ்டியின் நுனியோ துண்டோ அகப்பட்டால் இழுத்துக்கொள்ள அவகாசமில்லை. தண்டின் மேலுறையைக் கழற்றி வைத்து ஓட்டுவது உயிருக்கே அபாயம். கிளட்ச் மனிதனைக் காக்கும் சாதனமன்று.

பொதுவில் வாடகைக்கு விடப்படும் யந்திரங்களுக்கு, சோதனை செய்த தேதியையும் ஸ்பிரிங் நீளத்தையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வரும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் மிகவும் உபயோகமாகும். ஒருவர் இறுக்கியதன் நஷ்டம் அடுத்தவர் வயலில் நேராதிருக்க அதுவே சுலபமான வழி.