குறிவிளக்கத்தை வாசிப்பது

பழவேற்காடு, காட்டுப்பள்ளி. இரண்டு ஊர்ப் பெயர்களிலும் காடு இருக்கிறது. வரைபடத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கடலோரக் காடு இன்னும் 20 வருஷத்தில் என்னவாகும் என்று கணினியில் 'மாதிரி' போட்டுச் சொல்கிறார்கள். செய்முறை எளிதானதுதான். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்கள். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து (லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர்), ஒவ்வொன்றுக்கும் காடு, வயல், நீர், தரிசு, கட்டடம் என்று பெயரிடுகிறார்கள். எது எதுவாக மாறியது என்று எண்ணி, அந்த விகிதத்தையே எதிர்காலத்துக்கு நீட்டுகிறார்கள். மார்க்கோவ் சங்கிலி என்பது இதுதான். சாலை எவ்வளவு பக்கம் என்பதையும் சேர்த்தால், எந்தக் கட்டம் முதலில் விழும் என்றும் சொல்லிவிடலாம்.

ஆக, முதல் படத்துக்கு வைத்த பெயர்களே எதிர்காலத்தையும் எழுதுகின்றன. வரைபடமும் ஒரு பிரதிதான். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், 1 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. யார் நிலம், என்ன மரம் என்று கேட்பதில்லை. மணலில் நட்ட சவுக்கும் காடாகிவிடும். ஆனால் இருளர் கையால் இறால் தடவும் சேறு? பழவேற்காட்டு மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு'? படத்தில் அது வெறும் 'நீர்'. உரிமை மேலிருந்து தெரியாது.

அதிகாரமும் தெரியாது. ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் வறண்ட பசுமைமாறாக் காடு இன்றும் நிற்கிறது. 1971 முதல் அங்கே ராக்கெட் ஏவுகிறார்கள். காட்டைக் காத்த வேலிதான் யானாதிகளை வெளியேற்றியது. மேற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட். இந்த வித்தியாசம் மண்ணாலும் மழையாலும் வந்ததல்ல. அரசின் முடிவால் வந்தது. பழைய விகிதத்தை நீட்டும் கணக்கில் நாளைய அரசாணைக்கு இடமில்லை.

எண்ணூரில் பெயரிடுதலே நேரடி அரசியலானது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் கழி இருந்தது. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணோம். இல்லாத கழி அழிந்ததாக எந்த மாதிரியும் காட்டாது.

மாதிரியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அழிவின் வேகத்தைக் காட்ட நமக்கும் அது வேணும். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் படம் விரித்தால், கட்டங்களைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் மூலையிலுள்ள குறிவிளக்கத்தைப் படிப்போம். 'தரிசு' என்று எழுதினது யார்? எந்த வருஷம்? யாரைக் கேட்டு?