இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி இடித்தால் நட்டம் யார் கணக்கில்?



கடைக்குத் தீ இன்ஷூரன்ஸ், குடோன் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் என்று நமது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். ரோட்டில் ஓடும் வண்டியைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. "நம்மிடம் பாலிசி இருக்கிறது, நமக்கென்ன கவலை" என்ற நினைப்பே காரணம். நம்மிடம் இருந்தால் மட்டும் போதாது, இடித்தவரிடமும் இருக்க வேண்டும் என்பதை 71,300 ரூபாய் ரிப்பேர் பில் கட்டி நாங்கள் கற்றுக்கொண்டோம். நாங்கள் கட்டிய கட்டணத்தில் மற்றவர்களும் பாடம் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

2023 ஆகஸ்ட் மாதம். கோவில்பட்டிப் பக்கம் வசூலை முடித்துவிட்டு விருதுநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மூத்த மகன் காரை ஓட்டி வந்தார். சாத்தூர் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் இருந்து ராங் சைடில் ஏறி வந்த ஒரு லோடு வண்டி எங்கள் காரின் வலது முன்பக்கம் மோதியது. பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் போயிற்று. மட்கார்டு நசுங்கி, கதவு திறக்க வராமல் மாட்டிக்கொண்டது. ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் அடி இல்லை.

வண்டியை ஓட்டி வந்தவர் முப்பது வயதுப் பையன். காய்கறி லோடு ஏற்றிப் பிழைப்பவர். இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என் மேலதான் அண்ணாச்சி. ஸ்டேஷன் மட்டும் வேண்டாம். வண்டி நின்னுட்டா பொழப்பு போயிரும். ஆகிற செலவை நான் கொடுத்திருதேன்" என்றார். பையில் இருந்த 1,500 ரூபாயை எடுத்து நீட்டினார். இறக்குக் கூலிக்கு வேண்டுமே என்று நாங்கள் வாங்கவில்லை. "உங்கள் இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம், பேப்பரைக் கொடுங்கள்" என்று கேட்டபோதுதான் தலையைக் குனிந்தார். மகன் செல்போனில் எம்-பரிவாஹன் செயலியைத் திறந்து வண்டி நம்பரைப் போட்டார். இன்ஷூரன்ஸ் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆர்.சி.யில் இருந்த பெயரும் அவர் பெயர் இல்லை.

அவர் போன் நம்பரையும் ஆர்.சி. ஜெராக்ஸையும் வாங்கிக்கொண்டோம். மகன் இரண்டு வண்டிகளையும் நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டார். வாய்ச்சொல்லை நம்பிப் புறப்பட்டுவிட்டோம். நாற்பது வருடமாக வாய்ச்சொல்லை நம்பித்தான் வியாபாரம் செய்து வருகிறோம். ஆனால் அங்கே பேரேட்டில் பெயர் இருக்கும், முந்தின கணக்கு இருக்கும். ரோட்டில் கண்டவரிடம் அப்படி என்ன இருக்கிறது? அதை அன்று யோசிக்கவில்லை.

எங்கள் பாலிசி ஏன் உதவவில்லை?

டிங்கரிங், பெயிண்டிங், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து ஷெட்டில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பார்த்ததும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். எங்கள் கார் 2014 மாடல். பழைய வண்டிதானே என்று இரண்டு வருடமாகத் தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டி வந்தோம். "அண்ணாச்சி, இந்தப் பாலிசி நீங்கள் இடித்தால் எதிராளிக்குக் கொடுக்கும். உங்களை இடித்தால் உங்களுக்குக் கொடுக்காது" என்று அங்கே இருந்தவர் விளக்கினார்.

இதை எல்லோரும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேர்ட் பார்ட்டி பாலிசி மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவின்படி கட்டாயம். அது மற்றவருக்கு நாம் செய்யும் நட்டத்துக்கு. நம் வண்டிக்கு ஆகும் நட்டத்துக்கு ஓன் டேமேஜ் என்னும் பகுதியும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததைத்தான் காம்ப்ரிஹென்சிவ் என்கிறோம். அது இருந்தால், இடித்தவரிடம் பாலிசி இல்லாவிட்டாலும் நம் கம்பெனியே ரிப்பேர் செலவைக் கொடுக்கும். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். ஆனாலும் முதலுக்கு மோசம் வராது. கொடுத்த தொகையை இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை அதன் பிறகு கம்பெனியைச் சேரும். கழித்த தொகையை மட்டும் நாம் அவரிடம் கேட்கலாம். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது.

வருடத்துக்குச் சுமார் 5,000 ரூபாய் மிச்சம் என்று நினைத்து அந்தப் பகுதியை நாங்கள் விட்டிருந்தோம். ஆகவே இடித்தவரின் கையில் இருந்தே பணம் வர வேண்டிய நிலை. ரிப்பேர் பில்லும் 71,300 ரூபாய் என்று வந்து நின்றது. அந்தப் பையனோ, இரண்டாவது வாரத்தில் இருந்து போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்த உண்மை

பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "அன்றைக்கே வந்திருந்தால் வண்டியை நிறுத்தியிருக்கலாமே" என்றார் அங்கிருந்த அதிகாரி. அவர் சொன்னது சரிதான் என்பது வக்கீலிடம் போனபோது தெரிந்தது.

பஞ்சாபில் நடந்த ஒரு விபத்து வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டிருக்கிறது. உயிர்ச்சேதம், காயம், பொருள் சேதம் எதுவானாலும், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி போலீஸ் வசம் வந்துவிட்டால், நட்ட ஈட்டுக்குத் தகுந்த ஜாமீன் கொடுக்காமல் அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்காவிட்டால் வண்டியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். இதற்கான விதியை எல்லா மாநிலங்களும் கொண்டு வர வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் வண்டி போலீஸ் வசம் வந்திருந்தால்தானே இதெல்லாம்? ஸ்பாட்டில் நாங்களே விட்டுவிட்டோம்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 196ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். நம் கைக்கு ஒரு பைசா வராது. நம் பணத்துக்கு நாம்தான் கேட்க வேண்டும்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்

வக்கீல் முதலில் ஆர்.சி. ஜெராக்ஸைத்தான் கேட்டார். ஓட்டியவருக்கும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். ஒரு வாரத்தில் அந்த ஆர்.சி.காரரிடம் இருந்து போன் வந்தது. பக்கத்து ஊரில் மளிகை வியாபாரம் செய்பவர், நம்மைப் போன்றவர். "வண்டியை வித்து மூணு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. பணத்தை வாங்கி முடிச்சாச்சு. எனக்கு எதுக்கு நோட்டீஸ்?" என்று பதறினார்.

வண்டியை விற்றவர் பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை. வாங்கியவரும் மாற்றிக்கொள்ளவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் நட்ட ஈட்டுக்கு அவர் பொறுப்பு. ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கினால் வியாபாரம் முடிந்தது என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! அந்த மளிகைக்காரர் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. நாங்களும் ஒரு பழைய வேனை அப்படித்தான் 2016இல் விற்றோம் என்பது ஞாபகம் வந்தது.

மனுவும் சமரசமும்

கார் சேதத்துக்கு மட்டும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆள் அடிபட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருள் சேதத்துக்கு அந்தப் பொருளின் சொந்தக்காரர் மனுப் போடலாம் என்று 166ஆம் பிரிவில் இருக்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நாம் குடியிருக்கும் ஊரிலோ, தொழில் நடத்தும் ஊரிலோ உள்ள தீர்ப்பாயத்தில் போடலாம்.

ஆனால் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவைப் பற்றி வழக்குகள் நடந்திருக்கின்றன. நமக்கு அந்த வம்பு வேண்டாம், 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். நாங்கள் 2024 ஜனவரியில், கெடு முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போது போட்டோம்.

2024 செப்டம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிந்தது. ஆர்.சி.காரர் 30,000, ஓட்டியவர் 25,000. ஓட்டியவருக்கு மாதம் 5,000 வீதம் ஐந்து தவணை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. தவணை தவறினால் நிறைவேற்றச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு அவசியம் வரவில்லை. 2025 பிப்ரவரிக்குள் கடைசித் தவணையும் வந்துவிட்டது. மனம் கெட்டவர் இல்லை அந்தப் பையன், பயந்துபோய் ஒளிந்தவர். முதல் நாளே எழுதி வாங்கியிருந்தால் அவருக்கும் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

நம் வழக்கப்படி கணக்கை முடித்துப் பார்ப்போம். பற்று: ரிப்பேர் பில் 71,300, வக்கீல், நகல், போக்குவரத்து 7,500, ஆக 78,800. வரவு: 55,000. நட்டம்: 23,800. கார் 24 நாள் ஷெட்டில் நின்றதும், கடையை விட்டு அலைந்ததும் இதில் சேரவில்லை. இரண்டு வருடம் மிச்சம் பிடித்த பிரீமியம் 10,000.

நண்பர்கள் கவனிக்க வேண்டியவை

1. விபத்து நடந்த இடத்திலேயே இரண்டு வண்டிகளையும் நம்பர் பிளேட் தெரியப் போட்டோ எடுங்கள். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி மூன்றையும் பாருங்கள். பார்த்த சாட்சிகளின் பெயர், நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எதிராளியிடம் இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். இரக்கப்பட்டால் புகார் கொடுத்த பிறகு இரக்கப்படுங்கள்.

3. சமரசம் என்றால் தொகை, தேதி, தவணை எழுதி, ஓட்டியவரும் உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் செக்காகவோ வங்கி வழியாகவோ வரட்டும்.

4. ரிப்பேருக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். லைசென்ஸ் பெற்ற சர்வேயர் பார்த்துக் கொடுக்கும் ரிப்போர்ட் இன்னும் நல்லது. கழற்றிய சாமான்களை வழக்கு முடியும்வரை தூர எறியாதீர்கள். பில் ஆர்.சி.யில் உள்ள பெயருக்கே இருக்கட்டும்.

5. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி உள்ளவர்கள் உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சொல்லாமல் ரிப்பேர் பார்த்துவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம்.

6. லோடு வண்டி வைத்திருப்பவர்கள் பாலிசியில் ஐ.எம்.டி. 23 சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சரக்கு வண்டிக்கு பம்பர், லைட், மட்கார்டு, பெயிண்ட் நட்டம் கிடைக்காது. இடித்தால் முதலில் உடைவதே அவைதான்.

7. வண்டியை விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து, பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கணக்கை முடியுங்கள்.

கடைசியாக ஒன்று சொல்லியாக வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று மாலை, கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கடை வண்டிகளின் பேப்பர் எல்லாவற்றையும் மேசையில் எடுத்துவைக்கச் சொன்னோம். குடோன் பையன் தினமும் பார்சல் ஆபீசுக்கு ஓட்டிப்போகும் ஸ்கூட்டர் 2018 அக்டோபரில் வாங்கியது. அந்த வருடம் செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 வருடத் தேர்ட் பார்ட்டி பாலிசி சேர்த்தே கொடுக்கிறார்கள். வருடா வருடம் கட்ட வேண்டியது இல்லாததால் எல்லோருமே மறந்துபோனோம். அந்தப் பாலிசி 2023 அக்டோபரிலேயே முடிந்திருந்தது.

அதாவது, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி எங்களை இடித்தது என்று நியாயம் கேட்டு அலைந்த பதினொரு மாதமும், எங்கள் கடை வண்டியே இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஓடியிருக்கிறது. அது யார் மேலாவது மோதியிருந்தால் அந்தப் பெஞ்சில் எதிர்ப்பக்கம் நாங்கள் உட்கார்ந்திருப்போம். மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாகப் பணம் கட்டினோம்.

இந்த இதழைக் கீழே வைக்கும் முன் உங்கள் வண்டிகளின் பாலிசி தேதியை ஒருமுறை பாருங்கள். முடியும் தேதியைக் கல்லாப்பெட்டி மேல் தொங்கும் காலண்டரில் குறித்து வையுங்கள். நம் காசும் தப்பும், நம்மால் இன்னொருவர் காசும் தப்பும்.