நூலுக்கும் கணக்குண்டு

அபாயா, பாடசாலைச் சீருடை, சிறுவர் உடை என ஓடர் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் சகோதரர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். துணிக்கு அங்குலக் கணக்குப் பார்க்கும் பலர், நூலுக்கு மட்டும் ஒரு குத்துமதிப்பைப் போட்டு விலை சொல்லிவிடுகிறார்கள். ஐந்நூறு, ஆயிரம் என்று ஓடர் பெருகும்போது இலாபத்தைக் கடிப்பது இந்தக் குத்துமதிப்புத்தான்.

பெரிய தொழிற்சாலைகளில் தையலின் நீளத்தை அளந்து, ஒரு விகிதத்தால் பெருக்குவார்கள். கோட்ஸ் போன்ற நூல் கம்பனிகளின் அட்டவணைப்படி, 1 மீற்றர் நேர்த்தையலுக்கு ஊசி நூலும் பொபின் நூலுமாகச் சுமார் 2.5 மீற்றர் செல்லும். செயின் தையலுக்கு 5.5 மீற்றர். மூன்று நூல் ஓவர்லொக்கிற்கோ 14 மீற்றர்!

ஓர் உதாரணம். ஓர் அபாயாவில் நேர்த்தையல் 6 மீற்றர், ஓவர்லொக் 5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நேர்த்தையலுக்கு 15 மீற்றர், ஓவர்லொக்கிற்கு 70 மீற்றர், ஆக 85 மீற்றர் நூல். அறுந்து போவது, பொபினில் மிஞ்சுவது ஆகியவற்றுக்கு 15 வீதம் சேர்த்தால் ஏறக்குறைய 98 மீற்றர். 500 அபாயாவுக்கு 49,000 மீற்றர். அதாவது 5,000 மீற்றர் கோன் பத்து. எல்லாவற்றையும் நேர்த்தையலாகக் கணக்கிட்டவருக்கு இதில் மூன்றிலொரு பங்குகூடத் தேறாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று நூல் ஓவர்லொக் மெஷின் ஒன்றுக்கு ஒரே நிறத்தில் 3 கோன் தேவை. நான்கு மெஷின் ஓடினால் அதற்கே 12 கோன். அப்போது சிறிய கோன்களாக வாங்குவதே புத்தி.

துணியின் தடிப்பும் தையலின் நெருக்கமும் மாறினால் விகிதமும் மாறும். ஆகவே, உங்கள் துணியிலேயே தைத்து, 10 சென்ரிமீற்றர் தையலை வெட்டிப் பிரித்து, வரும் நூல்களை எல்லாம் அளந்து பாருங்கள். நீளத்தைப் பத்தால் பிரித்தால் உங்களுடைய விகிதம் கிடைத்துவிடும்.

நூலை ஓடர் தருபவரே கொடுக்கும்போது இக்கணக்கு இன்னும் முக்கியம். மிஞ்சும் கோன் அவருடைய அமானிதம். எவ்வளவு செலவானது என்று எழுதிக் காட்டி மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பவரைத் தேடித்தான் அடுத்த ஓடரும் வரும். வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கம் நம்முடையது. நூலைக் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமல்ல, வியாபார ஒழுங்கு.