கடப்பிதழும் குற்றவாளிப் பதிவேடும்



புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் என வடசிலாங்கூரின் தோட்டப்புறங்களில் இன்று கடப்பிதழ் இல்லாத குடும்பம் குறைவு. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்த்திக் கடன் செலுத்தப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை தேடிப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே, "கோர்ட்டுக்குப் போய் வந்தவனுக்குக் கடப்பிதழ் கிடைக்குமா? பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்களா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. இதற்கு மறுபக்கமாக இன்னொரு கேள்வியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து நம் பிள்ளைகளோடு பழகுகிறார். அவர் தம் நாட்டில் என்ன செய்துவிட்டு வந்தவர் என்பதை நாம் எப்படி அறிவது? இந்த இரண்டு கேள்விகளையும் இன்று பார்ப்போம்.

முதலில், கடப்பிதழ் நமக்கு உரிமையா, சலுகையா? நாட்டுக்கு நாடு இதற்கு விடை வேறுபடுகிறது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1978 ஆம் ஆண்டு மேனகா காந்தி வழக்கில், வெளிநாட்டுப் பயணம் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. நியாயமான முறையைப் பின்பற்றாமல் அரசாங்கம் கடப்பிதழைப் பறிக்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே, 1979 இல், நம் நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் லோ வாய் கோங் வழக்கில் வேறு விதமாகச் சொன்னது. அரசியலமைப்பின் 5 ஆவது பிரிவு கூறும் தனிமனித சுதந்திரத்தில் வெளிநாடு செல்லும் உரிமை அடங்காது என்பதே அந்தத் தீர்ப்பு. ஆகவே மலேசியாவில் கடப்பிதழ் அரசாங்கம் தரும் ஒரு சலுகையாகவே கருதப்பட்டு வருகிறது.

அப்படியானால் அதிகாரிகள் எவரையும் மனம்போல் தடுக்கலாமா? தடுக்க முடியாது. மரியா சின் அப்துல்லா என்ற சமூகப் போராளி 2016 இல் கொரியாவுக்குப் புறப்பட்டபோது விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2021 ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம், குடிநுழைவுத் துறையின் தலைமை இயக்குநருக்குக் கட்டற்ற அதிகாரம் கிடையாது என்று கூறியது. இந்தத் தீர்ப்பின் அருமை தோட்டப்புறத்து மக்களுக்கு நன்கு புரியும். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதனை வெள்ளைக்கார ஆட்சி இந்தியாவுக்கு நாடு கடத்தியது. எல்லைக் கதவு குற்றவாளிக்காக மட்டும் மூடப்பட்டதில்லை என்பதற்கு அது சாட்சி. ஆகவே தடைப் பட்டியல் ஒன்று இருந்தால், அதற்குச் சட்டக் காரணமும் இருக்க வேண்டும்.

அந்தக் காரணங்கள் எவை? முதலாவது, நீதிமன்ற வழக்கு. ஒருவரை ஜாமீனில் விடும்போது கடப்பிதழை ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு முடியும்வரை அது நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். அவசரப் பயணம் என்றால் வழக்கறிஞர் வழியாக மனுச் செய்து கேட்க வேண்டும். "கடப்பிதழ் தொலைந்துவிட்டது" என்று பொய்ப் புகார் கொடுத்துப் புதியது எடுக்க முயன்றால் அது இன்னொரு குற்றமாகும்.

இரண்டாவது, கடன். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டவர், திவால் துறை இயக்குநரின் அல்லது நீதிமன்றத்தின் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற முடியாது. வருமான வரி பாக்கி வைத்திருப்பவரையும் வரி வாரியம் தடுக்கச் செய்யலாம். இவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனாலும் பயணத் தடை உண்டு.

மூன்றாவது, 1959 ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம். குண்டர் கும்பலோடு சேரும் இளைஞர்களின் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு பதிவேடு உண்டு. நீதிமன்றத்தில் தண்டனை பெறாதவரின் பெயரும் விசாரணைக்குப் பிறகு அதில் ஏறலாம். போலீஸ் மேற்பார்வை உத்தரவு கிடைத்தால், குறிப்பிட்ட வட்டாரத்தை விட்டு வெளியேறவே அனுமதி வேண்டும். பக்கத்து மாநிலத்துக்குப் போக முடியாதவன் வெளிநாட்டுக்கு எப்படிப் போவது? பதிவேட்டில் உள்ளவர் சில குற்றங்களைச் செய்தால் தண்டனையும் இரட்டிப்பாகும்.

பயணச் சீட்டு வாங்கும் முன்பே தடை உண்டா இல்லையா என்று பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் அடையாளக் கார்டு எண்ணைக் கொடுத்துச் சோதிக்கலாம். பிள்ளைகளில் ஒருவர் கைப்பேசியிலேயே இதைச் செய்துவிடுவார். விமான நிலையத்தில் போய்த் தலைகுனிந்து நிற்பதைவிட இது மேல்.

இனி, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் செய்தவர்களின் பதிவேட்டுக்கு வருவோம். இந்த வகைக் குற்றவாளிகளைத் தண்டனைக்குப் பிறகும் கண்காணிக்கப் பல நாடுகள் தனிப் பதிவேடு வைத்திருக்கின்றன. பிரிட்டனில் இது 1997 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. பதிவேட்டில் உள்ளவர் வெளிநாடு செல்வதற்கு முன்பு போலீசில் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 21 நாள்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். 2016 இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பிள்ளைகளுக்கு எதிராகக் குற்றம் செய்து பதிவேட்டில் இருப்பவரின் கடப்பிதழிலேயே அதைக் குறித்து வைக்கிறார்கள். ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2016 ஆம் ஆண்டில் மட்டும் பதிவேட்டில் இருந்த ஏறத்தாழ 800 பேர் வெளிநாடு சென்றதைக் கண்டு, 2017 இல் புதிய சட்டம் கொண்டு வந்தது. அதிகாரிகளுக்குத் தம்மைப் பற்றித் தெரிவிக்க வேண்டிய கடமை உள்ளவர்கள், அனுமதியின்றி அந்நாட்டை விட்டு வெளியேறவே முடியாது. இந்தியாவும் 2018 செப்டம்பரில் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. அதைப் போலீஸ் முதலிய விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்காக? இப்படிப்பட்டவர்கள் ஏழை மக்கள் வாழும் நாடுகளைத் தேடிப் போகிறார்கள் என்பதற்காகத்தான். பிரிட்டிஷ் பாடகர் கேரி கிளிட்டர் வியட்நாமில் இக்குற்றத்துக்காகச் சிறையிருந்து 2008 இல் வெளிவந்தபோது, தாய்லாந்தும் ஹாங்காங்கும் அவரை உள்ளே விட மறுத்தன. நம் குடிநுழைவுச் சட்டத்திலும், எந்த நாட்டிலாவது சிறைத்தண்டனை பெற்ற அந்நியரை விரும்பத்தகாதவர் என்று தடுக்க இடம் உண்டு. இத்தகையோரைப் பற்றி நாடுகளை எச்சரிக்க இன்டர்போல் அமைப்பு பச்சை அறிவிப்பு என்ற ஒன்றை அனுப்புகிறது.

ஆனால் நேயர்களே, பதிவேட்டை மட்டும் நம்பி இருக்கலாமா? நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை தருகிறது. ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரர், ஆங்கிலம் கற்றுத் தருபவராகவும் தொண்டு செய்பவராகவும் கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களிடையே பழகினார். 2006 முதல் 2014 வரை பல பிள்ளைகளைச் சீரழித்தார். அவர்களில் பலர் நம் இந்தியச் சமூகத்துப் பிள்ளைகள். ஆஸ்திரேலியப் போலீசார் தந்த தகவலின்பேரில் 2014 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் அவர் கைதானார். 71 குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2016 ஜூனில் அவருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2019 இல் சிறையில் கொல்லப்பட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பதிவேடு பிடிபட்டுத் தண்டனை பெற்றவனைத்தான் காட்டும். இன்னும் பிடிபடாதவனின் கடப்பிதழில் எந்தக் குறிப்பும் இருக்காது. ஹக்கிள் எட்டு ஆண்டுகள் தொடர முடிந்ததற்கு, வெள்ளைக்காரர், படித்தவர், பக்தி உள்ளவர், இலவசமாக உதவுகிறவர் என்று ஏழைகள் வைத்த நம்பிக்கையும் ஒரு காரணம். அந்தப் பெற்றோர் செய்த பிழை ஏதுமில்லை. நம்பிக்கையைத் திருடியவன்தான் குற்றவாளி.

அந்த வழக்கு நாட்டை உலுக்கியது. 2017 ஏப்ரலில் மக்களவை பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட எல்லாரும் இதில் பிள்ளைகளே. கெட்ட எண்ணத்தோடு ஒரு பிள்ளையைப் பேசிப் பழக்கி வசப்படுத்துவதே இதன்படி குற்றம். ஆசிரியர், பராமரிப்பாளர் போன்று பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் சாட்சியத்தைக் கொண்டே நீதிமன்றம் தண்டிக்கலாம். இன்னொன்று: மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் போய் இக்குற்றத்தைச் செய்தாலும் இங்கே அவன்மீது வழக்குத் தொடரலாம். எல்லை தாண்டினால் தப்பிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

நம் நாட்டிலும் பதிவேடு இருக்கிறது. 2001 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபோது, பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களின் பெயரைப் பதிந்து வைக்க வழி செய்யப்பட்டது. அதைச் சமூகநலத் துறை வைத்திருக்கிறது. 2019 முதல் இதில் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடும் வந்தது. ஆயாக் கொட்டகை, பாலர் பள்ளி, விடுதி போன்றவற்றை நடத்துவோர் வேலைக்கு ஆள் எடுக்கும் முன் சோதித்துத் தரும்படி துறையிடம் கேட்கலாம். கோலசிலாங்கூர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இதை விசாரித்துக்கொள்ளலாம். இந்தப் பதிவேடு ஊரறிய ஒட்டும் பட்டியல் அன்று. கடப்பிதழ் தடைப்பட்டியலும் அன்று. பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவரை விலக்கி வைப்பதே இதன் நோக்கம்.

தண்டனை முடித்து வந்தவர் வெளிநாடு போக நினைத்தால் என்ன செய்வது? நம் கடப்பிதழ் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. போகும் நாடும் விசா தர வேண்டும். பல நாடுகளின் விசா படிவத்தில் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கும். இந்திய விசா படிவத்திலும் அது உண்டு. ஆஸ்திரேலியா 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரை நடத்தைச் சோதனையில் தள்ளிவிடலாம். அந்தக் கேள்விக்கு உண்மையையே எழுத வேண்டும். ஏஜெண்டு சொன்னான் என்று பொய் எழுதிப் பிடிபட்டால், பழைய குற்றத்தைவிட அந்தப் பொய்யே பின்னர் பெரிய தடையாகிவிடும்.

நம் வீட்டு இளைஞர்களுக்கும் ஒரு சொல். 16 வயது நிரம்பாத பெண்ணோடு உடலுறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் தண்டனைச் சட்டப்படி அது கற்பழிப்பே. "காதலித்தோம், கூட்டிக்கொண்டு போனேன்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. தண்டனை பெற்றால் சிறை மட்டுமா? பதிவேட்டில் பெயர், வேலைக்குத் தடை, பல நாடுகளின் கதவடைப்பு என்று அது தொடரும். மகளைப் பெற்றவர்கள் எச்சரிக்கையாக இருப்பது போலவே மகனைப் பெற்றவர்களும் இதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு. உள்ளூரோ வெளிநாடோ, இலவச டியூஷன், படம் பிடித்தல், உல்லாசப் பயணம் என்று வருகிறவர் யாராயினும் பெயர், அடையாள ஆவணம், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். வகுப்பு நடப்பது கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ, நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். பிள்ளையைத் தனியே எவரோடும் இரவு தங்க அனுப்பாதீர்கள்.

பிள்ளை ஏதேனும் சொன்னால் அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். உடனே போலீசில் புகார் செய்யுங்கள். அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். 15999 என்ற எண்ணில் தாலியான் காசேவை அழைக்கலாம். அவசரத்துக்குப் போலீஸ் 999. தெரிந்தும் தகவல் தராமல் மறைத்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆகவே, "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று நாலு பெரியவர்களைக் கூட்டிப் பணத்தைக் கொடுத்து முடித்துவிடும் பழக்கம் வேண்டாம். அப்படி முடித்தால் தண்டனை இல்லை; தண்டனை இல்லாவிட்டால் பதிவேட்டில் பெயரும் இல்லை. அவன் கடப்பிதழை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கோ அடுத்த நாட்டுக்கோ போவான். அங்கும் ஒரு பிள்ளை இருக்கும்.

அதே வேளையில், வதந்தியை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று லயம் முழுக்கப் பேசுவதும் நியாயமன்று. சந்தேகம் இருந்தால் போலீசிடம் சொல்வது நம் கடமை. குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் யாரோ ஒரு பிள்ளை துணிந்து வாய் திறந்திருக்கிறது. அதைப் பெரியவர் ஒருவர் நம்பியிருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த நம்பிக்கையை நாம் கொடுக்க வேண்டும்.