36 ரூபாய்க்கு விழுந்த பங்கு

புனேயின் சதாசிவ் பேட் பகுதியில் ஒரு காலத்தில் தனிப் பங்குச்சந்தையே இயங்கியது. 1982-இல் அங்கீகாரம் பெற்ற சந்தை அது. அந்நாளில் மலிவான நல்ல பங்கைக் கண்டுபிடிக்க அலைந்து திரிய வேண்டும். ஆண்டறிக்கை தபாலில் வரும், அல்லது புரோக்கரிடம் இரவல் கேட்க வேண்டும். வாங்கிய பத்திரத்தைப் பெயர் மாற்றத்துக்கு அனுப்பினால், கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிடும்.

ஆனால் புனேக்காரருக்கு ஒரு வசதி இருந்தது. பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி, ஆகுர்டி என்று ஆலைகள் ஊரோடு ஒட்டியே இருந்தன. எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது, லாரிகள் சரக்கோடு போகின்றனவா என்பதை வாசலில் நின்றே பார்க்கலாம்.

சிஞ்ச்வட்டின் தெர்மாக்ஸ் பாய்லர் செய்யும் நிறுவனம். 1995-இல் பங்கு வெளியிட்டது. அடுத்த ஆண்டே அதை வளர்த்த ரோஹின்டன் ஆகா காலமானார். மனைவி அனு ஆகா தலைமை ஏற்றார். தொழில்துறையில் புது முதலீடுகள் வறண்ட நேரம். முக்கியத் தொழிலோடு ஒட்டாத வேலைகளிலும் நிறுவனம் கால்வைத்திருந்தது. 400 ரூபாய் பங்கு 36 ரூபாய்க்கு விழுந்தது. நீங்கள் என்னைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று பெயர் போடாமல் ஒரு பங்குதாரர் கடிதம் எழுதினார். அது தன்னைத் தூங்கவிடவில்லை என்று அனு ஆகாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் வெளி ஆலோசகர்களை அழைத்தார், இயக்குநர் குழுவை மாற்றினார், ஒட்டாத தொழில்களைக் கழற்றிவிட்டார். நிறுவனம் மீண்டது. முகமதிப்பு 10 ரூபாயிலிருந்து 2 ரூபாயாகக் குறைந்த பிறகும் இன்று அந்தப் பங்கு ஆயிரங்களில் விற்கிறது.

ஊரே மென்பொருள் பங்குகளின் பின்னால் ஓடிய காலத்தில் இதை வாங்க நெஞ்சுரம் வேண்டும். அதைவிட முக்கியமாக, சர்க்கரை ஆலைக்கும் துணி ஆலைக்கும் நீராவி தேவைப்படும்வரை பாய்லருக்கு வேலை உண்டு என்ற தெளிவு வேண்டும்.

மலிவு எல்லாமே புதையல் அல்ல என்பதற்கும் புனேயே சாட்சி. பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் 2012 வெளியேற்றக் கொள்கைப்படி புனே சந்தை 2015-இல் விடைபெற்றது. இப்படி மூடிய வட்டாரச் சந்தைகளில் மட்டுமே பட்டியலாகியிருந்த சிறு நிறுவனங்களின் பங்கை வைத்திருந்தவர்களுக்கு வாங்க ஆள் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. புத்தக மதிப்பில் பாதிக்குக் கிடைத்தாலும், விற்க வழியில்லாத பங்கால் என்ன பயன்?

இன்று ஆண்டறிக்கை கைப்பேசியில் இலவசம். குறைந்த பி.இ. (லாபத்தோடு ஒப்பிட்ட பங்கு விலை) உள்ள நிறுவனங்களைச் சலித்தெடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அதே பட்டியல் எல்லாருக்கும் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதால் சந்தையின் எல்லையும் விரிந்துவிட்டது. பல்லாண்டு எவரும் சீந்தாத ஜப்பானில், ஐந்து வணிக நிறுவனங்களின் பங்குகளை வாங்கியதாக 2020-இல் வாரன் பஃபெட் அறிவித்தார். 2023-இல் டோக்கியோ சந்தையே, புத்தக மதிப்புக்குக் கீழே கிடக்கும் நிறுவனங்களிடம் திருந்தும் திட்டத்தைக் கேட்டது.

தொலைவு கூடக்கூடப் படிப்பும் கூட வேண்டும். நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் மலிவாகத் தெரிந்தால், வாங்கும் முன் அதன் பத்து ஆண்டு அறிக்கைகளைப் படியுங்கள். ஏன் மலிவு என்பதற்கு உங்களிடம் சொந்தப் பதில் இல்லையென்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள்.