அச்சில் ஒரு பூட்டு

ரேடியோவால் இயக்கப்படும் 'கிராலர்' என்னும் சிறு லாரி, உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவினது. பாறைமீது மெல்ல ஊர்ந்து ஏறுவதே அதன் வேலை. அத்தகைய லாரி ஒன்றைச் செங்கற் குவியலில் ஏறவிட்டோம். முன்னச்சில் ஒன்றும் பின்னச்சில் ஒன்றுமாக இரு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கி விர்ரெனச் சுழன்றன. கல்லைத் தொட்டிருந்த இரண்டுமோ அசையவில்லை! காரணம் என்ன?

அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி உள்ளது. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள இது இடமளிக்கிறது. ஆனால் இரு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையையே தருகிறது. தொங்கும் சக்கரம் சுழல மிகச் சிறிய விசை போதும். ஆகவே மற்றதற்கும் அவ்வளவே கிடைக்கிறது.

எனவே, அப்பற்சக்கரங்களை எடுத்துவிட்டு, இரு பக்கத் தண்டுகளையும் ஒன்றாகப் பிணைக்கும் திடமான துண்டைப் பொருத்தினோம். இதுவே பூட்டுதல். லாரி ஏறிவிட்டது! ஆயினும் சிமெண்டுத் தரையில் திருப்பியபோது டயர்கள் உரசித் தேய்ந்தன, வட்டமும் பெரிதாயிற்று.

அச்சின் நடுப்பகுதி கல்லில் இடிப்பது மற்றொரு குறை. இதற்குச் சக்கரத்தருகே பற்சக்கரங்கள் வைத்து அச்சை மேலே உயர்த்துவர். இது 'போர்ட்டல்' அச்சு. 1948-இல் உற்பத்தி தொடங்கிய ஜெர்மனியின் யூனிமாக் வண்டியில் இதைக் காணலாம். உயர்ந்தால் கவிழும் அபாயமும் கூடுமாதலால், சிறு லாரிகளில் சக்கரத்தருகே பித்தளை எடை சேர்ப்பர்.

ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும் என்று அச்சு எங்களுக்குக் கற்பித்தது. எதையும் மாற்றுமுன், வண்டி செல்லவேண்டியது பாதையிலா, பாறையிலா என்று கேட்போமாக!