உஷார்! பழைய பொம்மைக் கிட்டோடு ஈயமும் வீட்டுக்குள் வரலாம்!

பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்துச் செய்யும் பழைய ஏர்ஃபிக்ஸ் கம்பெனி உருவ பொம்மை கிட் வாங்கியிருக்கிறீர்களா? எட்டாம் ஹென்றியோ, ஜோன் ஆஃப் ஆர்க்கோ, யாராக இருந்தாலும் சரி. பிரஷ்ஷை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்!

இங்கிலாந்தில் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஹென்றி கிட்டை ஏலத்தில் எடுத்தார். விற்றவர் பழைய எனாமல் டப்பாக்களையும் பாதி காய்ந்த பசை டியூபையும் சும்மாவே சேர்த்துக் கொடுத்தார். குளிர்காலம். ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, ராத்திரி ராத்திரியாக வேலை. அங்கியின் சரிகைக்கு மயிரிழை மாதிரி மஞ்சள் கோடு வேண்டுமே! பிரஷ் நுனி கூராக, ஒவ்வொரு தடவையும் உதட்டில் வைத்து உருட்டினார்.

முதலில் தலைவலி. அப்புறம் குமட்டல், தலைசுற்றல். கண்ணாடியை மாற்றணும் போல என்று விட்டுவிட்டார். ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். நல்லவேளை, மகள் வீட்டில் இருந்தாள். ரத்தப் பரிசோதனையில் ஈயம் கூடுதலாக இருந்தது.

உதட்டில் பிரஷ் வைக்கவே வைக்காதீர்கள்!

அந்தக் கால மஞ்சள், ஆரஞ்சு, சில பச்சை பெயிண்ட்களில் ஈயம் கலந்த லெட் குரோமேட் சர்வசாதாரணம். வீட்டு பெயிண்ட்டிலும் பொம்மைகளிலும் ஈயத்துக்கு அமெரிக்காவே 1978-ல்தான் தடை போட்டது. உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் போய் வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். சின்னக் குழந்தை இருக்கும் வீடா? இன்னும் கவனம்! பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும்.

பசையும் லேசுப்பட்டதல்ல. பழைய டியூப்களில் டொலுயீன் இருந்தது. 1960-களில் அமெரிக்கச் சிறுவர்கள் அதை முகர்ந்தே போதை ஏற்றிக்கொண்டார்கள். அதைத் தடுக்க, பசை தயாரித்த டெஸ்டர் கம்பெனி, கண்ணை எரிய வைக்கும் கடுகின் கார நெடிச் சாரத்தைப் பசையில் கலக்க வேண்டி வந்தது. சாத்திய அறையில் அந்த நெடியோடு மணிக்கணக்கில் உட்காரலாமா?

வேலை செய்யும்போது தலை கனக்கிறதா? வெளியே வந்தால் தெளிகிறதா? அது பசையின் வேலை. உடனே நிறுத்துங்கள்! காரணமே இல்லாமல் வயிற்றுவலி, மலச்சிக்கல், ஓயாத சோர்வு, வாயில் உலோக ருசி? அது ஈயத்தின் வேலையாக இருக்கலாம், டாக்டரிடம் போங்கள். பழைய பெயிண்ட்டில் வேலை செய்வதை நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்று. யாரோ முன்பே பெயிண்ட் அடித்த பொம்மையா? உலர்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள். தூசி மூக்குக்கும் போகும், பாய்க்கும் போகும், தவழும் குழந்தையின் கைக்கும் போகும். பெயிண்ட்டை எடுக்க அசிட்டோன் ஊற்றினாலோ, ஹென்றியின் முகமே கரைந்துவிடும். அது பாலிஸ்டைரீன், தாங்காது.

கிட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆசையாகச் செய்யுங்கள். டப்பாவையும் டியூபையும் மட்டும் இன்றைக்கே ஒதுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். தண்ணீரில் கரையும் புது அக்ரிலிக் வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள், தயவுசெய்து!